ஐந்து சொட்டு, பத்து நிமிடம்

சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். இன்று பல வீடுகளில் பானையின் இடத்திற்கு மின்கருவி வந்துவிட்டது. அண்மையில் அத்தகைய கருவி ஒன்றுடன் வந்த விளக்கத்தாளைப் படித்தேன். நீரில் நீலகிரித் தைலம் 5 சொட்டு விட்டு 10 நிமிடம் ஆவி பிடித்தால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து கிடைக்கும் என்கிறது அது. எளிய தமிழில் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த உறுதிமொழியை இயற்பியல் ஏற்குமா?

முதலில் சொட்டைக் கவனிப்போம். சொட்டு ஓர் அளவை அலகு அன்று. துளையின் விட்டமும் திரவத்தின் பரப்பு இழுவிசையும் அதன் பருமனைத் தீர்மானிக்கின்றன. புட்டி மாறினால் சொட்டும் மாறும்.

அடுத்தது நிமிடக் கணக்கு. தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலின் கொதிநிலை சுமார் 176° செ. அப்படியானால் 100° நீரில் அது எப்படி ஆவியாகிறது? நீருடன் கலவாத திரவம், தன் ஆவியழுத்தத்திற்கேற்ப நீராவியோடு சேர்ந்து வெளியேறும். இலையிலிருந்து தைலம் வடித்தெடுப்பதும் இம்முறையில்தான். எனவே கொதிநீரில் விட்ட சில சொட்டுகளில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடங்களிலேயே போய்விடும். பிறகு நாம் சுவாசிப்பது ஏறக்குறைய வெறும் நீராவியே.

பெரிய குறை கருவியைப் பற்றியது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் சூடேற்றும் சுருள் கிடையாது. நீரில் இரு மின்வாய்கள் நிற்கும். நீரின் வழியே பாயும் மின்னோட்டமே அதைக் கொதிக்கவைக்கிறது. உப்பு மிகுந்த கிணற்று நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மழைநீர் மிகக் குறைவாகவே கடத்தும். ஆகவே ஒரே கருவி ஒரு வீட்டில் சீறும், மற்றொரு வீட்டில் சோம்பிக் கிடக்கும். சுருள் உள்ள கருவியில் இந்த வேறுபாடு இராது. அடுப்பிலிருந்து இறக்கிய பானையோ ஆறிக்கொண்டே வரும்; 80° ஆகும்போது நீரின் ஆவியழுத்தம் கொதிநிலையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். விளக்கத்தாளில் இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இது வெறும் கணக்குப் பிழை அன்று. ஆவி குறைந்தால் உப்பை அள்ளிப் போடுகிறோம். மணம் குறைந்தால் மேலும் தைலம் விடுகிறோம். மின்வாய்க் கருவியை இணைப்பைத் துண்டிக்காமல் திறந்தால் அதிர்ச்சி தாக்கும். 1 கிராம் நீராவி தோலில் நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விடுகிறது. சிறு குழந்தை இத்தைலத்தைச் சிறிது விழுங்கினாலும் வலிப்பு வரலாம். இந்த எச்சரிக்கைகளுக்கல்லவா தாளில் முதலிடம் தந்திருக்க வேண்டும்?

மாணவர்கள் பெரியவர் துணையுடன் ஒரு சோதனை செய்யலாம். கருவியில் 200 மி.லி. கிணற்று நீர் ஊற்றி 10 நிமிடம் இயக்குங்கள். இணைப்பைத் துண்டித்து, ஆறியபின் எஞ்சிய நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மழைநீரில் அதையே செய்யுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் விளக்கத்தாளை நம்பலாம்.