பழைய காகிதமும் விமர்சனமும்

தமிழில் இலக்கிய விமர்சனம் என்று நடக்கிற காரியத்தில் பெரும் பகுதி ஞாபகத்தை நம்பி நடக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் வாசித்த கதையைப் பற்றி, நேற்று ராத்திரி வாசித்து முடித்தவர்கள் மாதிரி எழுதுகிறோம். கைக்கு அகப்பட்ட பதிப்பு எதுவோ அதுவே ஆசிரியர் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குக் காரணம் அடக்கம் அல்ல. சமீபத்தில் நான் பட்ட அவமானம்.

என் முதல் நாவல் புஸ்தகமாவதற்கு முன் ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. பத்திரிகை நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆசிரியரும் காலமாகிவிட்டார். நாவலில் அத்தை தன் வளையல்களை அடகு வைத்துவிட்டு வீடு திரும்புகிற இடம் ஒன்று உண்டு. வாசற்படியில் உட்கார்ந்து அவள் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொள்வதும், உள்ளேயிருந்து குழந்தை கூப்பிட்டதும் எழுந்து போவதுமாக மூன்று பக்கம் எழுதியிருந்தேன். புஸ்தகத்தில் அந்த மூன்று பக்கம் கிடையாது. இடமில்லை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிட்டார், கைப்பிரதியும் தொலைந்துவிட்டது, அதனால் புஸ்தகத்திலும் விட்டுப்போயிற்று என்று பதினைந்து வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒரு பேட்டியில் அச்சாகியும் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் கையில் எழுத்தாளன் படுகிற பாட்டுக்கு அதை உதாரணம் காட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சி மாணவி என் வீடு தேடி வந்திருந்தார். என் நாவல்களை எடுத்துக்கொண்டு பட்டத்துக்கு எழுதுகிறாராம். காபி குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"ஸார், அந்த மூன்று பக்கம் தொடரில் இருக்கிறதே. புஸ்தகத்தில்தான் இல்லை."

"இருக்க முடியாது, அம்மா. வெட்டுப்பட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நான் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன், ஸார். படம்கூடப் போட்டிருக்கிறார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் வேறு எதையோ பார்த்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த வாரமே பஸ் ஏறினேன்.

அந்தக் காப்பகம் இருக்கிற ஊரின் பெயர் இங்கே அவசியம் இல்லை. பெரிய ஸ்தாபனம் அல்ல. ஒரு பழைய வீட்டின் கூடமும் இரண்டு அறைகளும். வேலை பார்ப்பவர்கள் நாலு பேர். சீட்டில் பத்திரிகையின் பெயரும் வருஷமும் எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில், நாடா கட்டிய தொகுதி ஒன்று மேஜைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் ஒரு வார்த்தை குறையாமல் இருந்தது. அத்தை படியில் உட்கார்ந்திருப்பதை அரைப் பக்கப் படமாக வரையச் சொல்லிப் போட்டிருந்தார் அந்த மனிதர். இடமில்லை என்று வெட்டினதாக நான் யாரைப் பழித்துக்கொண்டிருந்தேனோ அவர், என் எழுத்துக்காகத் தம் பத்திரிகையில் கூடுதலாக இடம் ஒதுக்கியிருந்தார்.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புஸ்தகத்தின் அச்சுப்படியில் அந்தப் பக்கங்களைச் சிவப்பு மசியால் அடித்தது நான்தான். அந்தச் சமயம் நாலைந்து மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்துவிட்டு, கண்ணீர் என்பது மட்டமான சரக்கு என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். கொள்கையை மறந்துவிட்டேன். வெட்டின கத்தியையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன்.

என் சொந்தக் கதை இத்துடன் போகட்டும். விமர்சனத்துக்கு இதனால் நேர்ந்தது என்ன என்பதுதான் விஷயம். அந்த நாவலைப் பற்றி எழுதிய ஒருவர், அடகுக் கடையிலிருந்து அத்தை திரும்புவதைச் சொல்லாமலே விட்டதில் ஆசிரியரின் கலையடக்கம் தெரிகிறது என்று பாராட்டினார். இன்னொருவர் அத்தை பாத்திரத்தில் ரத்தமே இல்லை என்றார். இரண்டு பேரும் நாணயமானவர்கள். இரண்டு பேரும் புஸ்தகத்தை மட்டுமே பார்த்தவர்கள். தொடரையும் பார்த்திருந்தால் முதல்வர் இன்னும் அதிகமாகப் பாராட்டியிருக்கலாம், இரண்டாமவர் இன்னும் அதிகமாகத் திட்டியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஆதாரம் இருந்திருக்கும்.

ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-லிருந்து 1895 வரை 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வந்தது, 1896-ல் புஸ்தகமாயிற்று. இருபது வயசுக்கு மேல் ஒன்றிரண்டு ஆன ஒரு வாலிபர் மாதாமாதம் எழுதிய நாவல் அது. முன் பாதியில் கிராமத்து வம்பும் வீட்டுச் சண்டையும் நிறைந்திருக்கிற கதை, பின் பாதியில் வேதாந்தத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். எந்த மாதம் திரும்பிற்று, அந்த மாதம் அதே பத்திரிகையில் வேறு என்ன வந்துகொண்டிருந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? பதில் பழைய இதழ்களில்தான் இருக்கிறது. ஒரே மூச்சில் எழுதிய நாவலை அளக்கிற கோலால் மாதாமாதம் எழுதிய நாவலை அளந்து விட்டு, குறைகிறது என்கிறோம்.

ஏட்டுச்சுவடி தேடினவர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. சாமிநாதையர் 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு முன் ஊர் ஊராக அலைந்ததைப் பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். அவர் சேர்த்த ஏடுகளைக் காக்க 1943-ல் அவர் பெயரிலேயே ஒரு நூலகம் ஏற்பட்டது. இதெல்லாம் சரிதான். ஆனால் பனையோலைக்குக் கொடுக்கிற மரியாதையில் காலணா பங்குகூட அச்சடித்த காகிதத்துக்கு நாம் கொடுப்பதில்லை. நூறு வருஷம் ஆகாத எதையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போட வேண்டிய பொருளாகவே நினைக்கிறோம். வேடிக்கை என்னவென்றால் ஓலை நீடித்து நிற்கிறது. காகிதம்தான் சீக்கிரம் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத்தில் அச்சிட்ட புஸ்தகம் இன்னும் மடக்கினால் மடங்குகிறது. 1940-களில், யுத்த காலத்துப் பஞ்சக் காகிதத்தில் வந்ததைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மரக்கூழ்க் காகிதத்தில் தங்கிய அமிலமே அதைத் தின்றுவிடுகிறது. கரையானுக்குக்கூட வேலை வைப்பதில்லை.

அந்தச் சிறு காப்பகத்தில் மறுநாளும் இருந்தேன். அங்கே நடப்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பாக இருந்தது. ஓர் அம்மாள் கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானிய மெல்லிய காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, கோதுமை மாவுப் பசை தடவி, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் செலவழித்தார். ஸெல்லோ டேப் ஒட்டிப் 'பாதுகாத்து' வைத்த புஸ்தகங்கள்தான் அவருக்குப் பெரிய தொல்லையாம். டேப் உதிர்ந்துவிடும், அதன் மஞ்சள் கறை எழுத்தோடு தங்கிவிடும்.

இன்னொருவர் அட்டவணை எழுதுகிறவர். அவர் வேலை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பழைய புஸ்தகங்கள் பலவற்றில் இங்கிலீஷ் வருஷம் கிடையாது. 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். விரோதி என்றால் 1889-90 ஆகவும் இருக்கலாம். 1949-50 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷ வித்தியாசம்! அவர் விலையைப் பார்க்கிறார். அணாக்கணக்கு என்றால் பெரும்பாலும் 1957-ல் நயா பைசா வருவதற்கு முந்தையது. அச்சுக்கூடத்தின் பெயரைப் பார்க்கிறார். எழுத்துருவைப் பார்க்கிறார். பின்னட்டை விளம்பரத்தைப் பார்க்கிறார். இந்தப் பின்னட்டையைத்தான் நம் பைண்டர்கள் முதல் காரியமாகக் கிழித்து எறிகிறார்கள். அப்படிக் கிழிபட்டிருந்தால் சாட்சி ஒன்று போயிற்று. அன்று காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் அவர் மூன்று புஸ்தகங்களுக்குத்தான் அட்டவணை எழுதினார். அந்த மூன்றுக்கும் இனிமேல் யாரும் தப்பான வருஷம் போட மாட்டார்கள்.

இந்த வகைக் காரியத்துக்கு நம் நாட்டில் முதல் பெயராகச் சொல்ல வேண்டியது ரோஜா முத்தையாவை. அவர் பண்டிதர் அல்ல. பெயர்ப்பலகை எழுதுகிறவராக இருந்தவர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வீடு நிறையச் சேர்த்தார். புஸ்தகமும் பத்திரிகையும் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான போது அது ஏறக்குறைய லட்சம் உருப்படிகளாகியிருந்தது. 1994-ல் சிக்காகோ சர்வகலாசாலை விலைக்கு வாங்கிற்று. வாங்கினவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்து, 1996-ல் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றும் நடக்கிறது. நோட்டீஸைச் சேர்த்து வைத்தவரைப் பார்த்து அந்த நாளில் ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. நானாயிருந்தாலும் சிரித்திருப்பேன்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தரம், தரம் என்று இத்தனை நாள் எழுதி வந்தவன் நான். குப்பையை ஒதுக்குவதுதான் விமர்சகனின் முதல் வேலை என்பது என் கட்சி. அதை இன்னும் விடவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நாவல்களை அந்தக் காப்பகத்தில் ஓர் அலமாரி முழுக்கப் பார்த்தேன். இரண்டை வாசித்தும் பார்த்தேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. பழசானதால் மட்டமான நாவல் உயர்ந்ததாகிவிடாது. ஆனால் புதுமைப்பித்தனும் மணிக்கொடிக்காரர்களும் எதற்கு எதிராக எழுதினார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்த அலமாரி வேண்டும். ஒதுக்குகிறவன் ஒருவன், சேர்க்கிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. சேர்க்கிறவன் விமர்சகன் பேச்சைக் கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

புதுமைப்பித்தன் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அவர் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் வெளிவந்தது. கதைகள் வெளியான கால வரிசை, முதலில் வந்த பத்திரிகை, பாட வேறுபாடு எல்லாம் அதில் இருக்கின்றன. 1948-ல் இறந்தவரை வரிசையாக வாசிக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. பாட வேறுபாட்டுப் பட்டியல் எல்லா வாசகனுக்கும் ருசிக்காது. எனக்கே சில இடங்களில் அலுப்புத்தான். ஆனாலும் அந்தப் பதிப்பு கைக்கு வந்த பிறகும் ஞாபகத்தை நம்பிப் புதுமைப்பித்தனைப் பற்றி எழுதுகிறவரை மன்னிப்பதற்கில்லை.

எல்லாம் இப்போது படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுகிறார்களே, காகிதம் எதற்கு என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். படம் பிடிப்பது நல்ல காரியம்தான். அது நொறுங்குகிற காகிதத்துக்கு ஓய்வு கொடுக்கிறது. ஆனால் எட்டுப் பக்கம் குறைந்த பிரதியைப் படம் பிடித்தால், எட்டுப் பக்கம் குறைந்த நாவல் உலகம் பூராவும் பரவும். குறைகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் பக்கம் எண்ண வேண்டும். இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். படம் பிடித்ததையும் சில வருஷத்துக்கு ஒரு முறை புது இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டுமாம். முடிந்துவிட்டது என்று பூட்டிவிட்டுப் போகிற வேலை அல்ல இது. நாலு பேருக்கு மாதச் சம்பளம் தவறாமல் வர வேண்டும். மழையில் கூடம் ஒழுகக் கூடாது. திறப்பு விழாவுக்கு வருகிற பிரமுகர்கள் கூரையைப் பற்றி விசாரிப்பதில்லை.

அத்தையின் மூன்று பக்கத்தை அடுத்த பதிப்பில் சேர்க்கலாமா என்று என் பிரசுரகர்த்தர் கேட்டார். இன்னும் நான் தீர்மானிக்கவில்லை. இப்போது வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

செய்ய வேண்டிய வேறொன்றைச் செய்தேன். அந்த ஆசிரியரின் மகனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பேட்டி வெளியிட்ட பத்திரிகைக்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். போட்டார்கள், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். காப்பகத்து அட்டவணைக்காரரிடம் டெலிபோனில் இதைச் சொன்னபோது அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அந்த இதழில் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், ஸார். பேட்டி வந்த இதழ் எங்களிடம் இருக்கிறது. பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்" என்றார்.

பின்னட்டை கிழியாத பிரதியாகப் பார்த்து அனுப்பிவைத்தேன்.