உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்
கையால் செய்த சிறு பரிசுகளை ரசிப்பது எப்படி?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் காலடியில் ஒயர் கூடை இடிக்காமல் உட்கார முடியாது. வழியில் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வளாகம், அடுத்து அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யாரையாவது பார்க்கப் போகிறவர்களும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் அந்தச் சாலையில் எப்போதும் உண்டு. கூடைக்குள் எட்டிப் பார்த்தால் பிளாஸ்க், ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. சில கூடைகளில் அடியில் மடித்து வைத்த இன்னொன்றும் இருக்கும்: பிறந்த குழந்தைக்குப் பாட்டி தைத்த சின்ன மெத்தை, அத்தை பின்னிய குல்லா.

சாத்துக்குடியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்து வாங்க நமக்குத் தெரியும். பட்டுப் புடவை என்றால் ஜரிகையைத் திருப்பிப் பார்ப்போம். கையால் செய்த பொருளை ஒருவர் நீட்டினால் மட்டும், “அட, நீங்களே செஞ்சதா!” என்று ஒரு வார்த்தை, அத்தோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. அதையும் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. செய்தவர் எத்தனை நாள் கண் விழித்தார் என்ற கணக்கை விடுங்கள். செய்யும்போது பெறுகிறவரை எந்த அளவுக்கு நினைத்திருக்கிறார் என்று தேடுங்கள். அது பொருளிலேயே தெரியும்.

யாருக்கு எடுத்த அளவு?

முதல் கேள்வி இதுதான். கத்திரி வெயிலில் வேலூர் வார்டில் படுத்திருப்பவருக்குக் கம்பளி சால்வை பின்னிக்கொண்டு போனால், பின்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பின்னியவரின் ஆசைக்குப் பின்னியது. அதே சால்வை ஜவ்வாது மலைமேல் மார்கழிப் பனியில் இருக்கும் ஒரு பெரியவருக்குப் போனால் கதை வேறு.

அளவு என்பதன் முழு அர்த்தத்தைக் காட்டும் ஒரு பொருள் வேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அது பரிசு இல்லை, செருப்பு. 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் கெடுவதற்குப் பெரிய காரணம் உணர்ச்சி இழப்புதான் என்று கண்டார். வலி தெரியாததால் செருப்புக்குள் ஒரு கல் புகுந்தாலும் அதன்மேலேயே நாள் முழுக்க நடப்பார்கள், புண் வைத்துவிடும். வேலூரிலும் காட்பாடியைத் தாண்டிய கரிகிரி மருத்துவமனையிலும் இவர்களுக்கென்றே மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். அதில் ஆணி அடிப்பதில்லை. தேய்ந்து வெளியே வந்து குத்தினால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே. குதிகாலைச் சுற்றி ஒரு வார் இருக்கும்; செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது, அதனால். கடைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்காத செருப்பு. ஆனால் அந்த வாரும், அடிக்காத ஆணியும், ஒரு மனிதரின் காலை யாரோ உட்கார்ந்து யோசித்ததற்குச் சாட்சி.

வீட்டில் செய்த பொருளிலும் இப்படி ஒரு ‘வார்’ எங்கேயாவது இருக்கும். வலது கை வராத மாமாவுக்குத் தைத்த சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை இருக்கலாம். கீமோவில் முடி கொட்டிய அக்காவுக்குத் தைத்த பருத்திக் குல்லாவில் நெற்றிப் பக்கம் தையலே வராமல் பார்த்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி ரசனை முடிந்தது.

துணிக்கு முன்பே ஒரு வாழ்க்கை

பச்சைக் குழந்தைக்கு நம் ஊரில் புதுத்துணி போடமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதல் துணி. அது சிக்கனம் மட்டுமில்லை. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். பலமுறை துவைத்த பருத்தி பூப்போல இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும்.

பழம்புடவையில் தைத்த குழந்தை மெத்தை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய பொருள் அது. நாலைந்து மடிப்பு நூல் புடவை. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல். முதலில் விளிம்பைத் தடவுங்கள். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்திருப்பார்கள்; ஜரிகை பிள்ளையின் தோலைக் கீறும். அடுத்து மெத்தையைத் திருப்புங்கள். நூலின் முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கின்றனவா? நன்றாகத் தைத்த மெத்தையில் முடிச்சு தரைப் பக்கம் இருக்கும், குழந்தை படுக்கும் பக்கம் வழுவழுவென்று இருக்கும். சில கைகள் முடிச்சை இரண்டு மடிப்புக்கு நடுவில் இழுத்து ஒளித்துவிடும், தேடினாலும் அகப்படாது.

தையல் வரிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெஷின் தையல் போல ஒரே சீராக இருக்காது. ஒரு வரி நேராகப் போகும், அடுத்தது கொஞ்சம் வளையும். ஓரிடத்தில் தையல் நெருக்கமாகிறது என்றால் அங்கே துணி நைந்திருந்தது என்று அர்த்தம். தைத்தவர் அதைப் பார்த்துக் கூடுதலாக நாலு தையல் போட்டிருக்கிறார். மெத்தை மெல்லியதாக இருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். ஒரு நாளைக்குப் பலமுறை நனைகிற பொருள் மதிய வெயிலில் காய்ந்து மாலைக்கு மறுபடி வேண்டும். தடிமனாக ஒன்று கொடுப்பவரைவிட மெல்லியதாக மூன்று கொடுப்பவர் பிள்ளை வளர்த்தவர்.

கூடையின் மூலைகள்

நாம் அடிக்கடி பார்த்தும் பார்க்காமல் விடுகிற கைவேலை ஒயர் கூடை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. பூவேலைப்பாட்டைப் பார்த்து மயங்குவதற்கு முன் கூடையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்றால் அடி சரியாகப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற கூடை சாய்ந்தால் பிளாஸ்க்கும் சாயும்.

பிறகு உள்ளே கைவிட்டுச் சுற்றிலும் தடவுங்கள். பின்னி முடித்த ஒயரின் நுனிகளை முடிச்சுகளுக்குள் திரும்பச் செருகியிருக்க வேண்டும். அரைகுறையாக வெட்டி விட்டிருந்தால் கையைக் கீறும். கடைசியில் கைப்பிடி. மூன்று மாடி ஏறி இறங்குகிற பெண்ணின் விரலை அறுக்காத அளவுக்கு அது உருண்டையாக இருக்கிறதா? கூடையின் வாய் டிபன் கேரியர் சாயாமல் இறங்கும் அகலமா? “உனக்கு ஸ்கேன் ரிப்போர்ட் மடங்காம வைக்கணுமேன்னு கொஞ்சம் அகலமா போட்டேன்” என்று ஒரு சித்தி சொல்லிக்கொண்டே கூடையை நீட்டினால், அந்த இரண்டு விரற்கடை அகலம்தான் பரிசு. மற்றதெல்லாம் ஒயர்.

அழகுக்கு முன் பத்திரம்

குழந்தைக்குச் செய்த பொருளில் முதலில் பார்க்க வேண்டியது எது கழன்று விழும் என்பதுதான். ஓலைக் கிலுகிலுப்பை பார்க்க எத்தனை அழகு! பச்சை ஓலையின் மணமும், ஆட்டினால் உள்ளே உருளும் கல்லின் சத்தமும் பிளாஸ்டிக் பொம்மைக்கு வராது. ஆனால் ஓலை காய்ந்து பின்னல் நெகிழ்ந்தால் அந்தக் கல் குழந்தையின் வாய்க்குப் போகும். அது சில நாள் ஆட்டி மகிழ்ந்து தூக்கிப் போடுகிற பொருள். அதன் ஆயுள் குறைவு என்பதும் அதன் அழகில் சேர்த்தி. வசம்பைக் கோத்துக் கட்டும் வளையலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கையில் கட்டுவது வழக்கம். குழந்தைக்கு அதை உரைத்துப் புகட்ட வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நூல் இற்றுப்போகும் முன் அவிழ்த்துவிடுவது நல்லது.

குறைமாதக் குழந்தைகளுக்கு டென்மார்க்கில் 2013 முதல் நூலில் சின்ன ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கிறார்கள். குழந்தை அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது என்பது பல தாய்மார்களின் நம்பிக்கை. மருத்துவப் பலன் நிரூபிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்தப் பின்னலை உற்றுப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும்: சூடான நீரில் துவைக்கத் தாங்கும் பருத்தி நூல், இடைவெளி விழாத இறுக்கமான பின்னல், குழந்தையைச் சுற்றிக்கொள்ளாத அளவுக்குக் குட்டையான கால்கள். ஒவ்வொன்றும் குழந்தையை நினைத்து எடுத்த முடிவு.

விலை இல்லாத பொம்மை

தமிழ்நாட்டில் சின்னக் கைவேலைப் பரிசு என்றால் தவறாமல் பார்க்க வேண்டியது சுனாமிகா என்ற பொம்மை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு, ஆரோவில் பக்கத்து மீனவக் குப்பங்களில் பெண்கள் வீடும் வலையும் போய், சிலர் பிள்ளைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் ‘உபாசனா’ என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நடத்திய உமா பிரஜாபதி, அவர்களை ஒன்றாக உட்காரவைத்து, தையல் கூடத்தில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுத் தந்தார். ஊசியில் கண் இருக்கும்போது கடலைப் பார்க்க வேண்டியதில்லை; நாலு பேர் சேர்ந்து தைக்கும்போது பேச்சு தானாக வரும். செய்த பெண்களுக்குக் கூலி கிடைத்தது. ஆனால் பொம்மையை விற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். யார் கேட்டாலும் இலவசம். விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம், அதில் அடுத்த பொம்மை. இப்படியே பல லட்சம் சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அதைப் பார்க்கும்போது கைவினைப் போட்டி நடுவரைப் போலப் பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் பொம்மை. நுணுக்கமான கலைவேலை என்று எதுவும் இல்லை. வெட்டி எறிய வேண்டிய துணி என்பதால் ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குக் கட்டம், எதற்கு எந்தத் துணி என்பது அன்றைய குப்பைக் கூடையைப் பொறுத்தது. அதனால் வரிசையாக வைத்தால் ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது. இன்னொரு விஷயம், ஆறுதல் தேவைப்பட்டவர்களே செய்து மற்றவர்களுக்குக் கொடுத்தது. பரிதாபத்தைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலிருந்து, கொடுக்கும் இடத்துக்கு அந்தப் பெண்களை நகர்த்தியது ஒரு துண்டுத் துணி.

பல கைகள் சேர்ந்தால்

2014-இல் தென்னாப்பிரிக்காவில் கரோலின் ஸ்டெய்ன், மண்டேலா பிறந்தநாளுக்கு 67 போர்வை பின்னித் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பது என்று தொடங்கினார். மண்டேலா பொதுவாழ்வில் கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கை அது. பிறகு அது பெரிய இயக்கமானது. நம் ஊரிலும் இப்படிப் பல கைகள் சேர்ந்தன: சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் ஒருங்கிணைத்த ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31-இல் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வையை விரித்து கின்னஸில் இடம்பிடித்தது. சாதனை முடிந்ததும் அதைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட போர்வையில் சாதனை எண்ணைவிட இணைப்புகளைப் பாருங்கள். ஒருவர் நூலை இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர விடுவார். ஒரே அளவு சொல்லிக் கொடுத்தாலும் சதுரங்கள் கொஞ்சம் பெரிதும் சிறிதுமாக வரும். அவற்றை ஒன்றாக இணைக்கிறவர் பெரியதைச் சுருக்கியும் சிறியதை இழுத்தும் சமன் செய்திருப்பார். அந்த ஓர வரி அவருடைய கைவேலை.

வாங்கிக்கொள்வதும் ரசனைதான்

நம் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் நோட்டு உண்டு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் கௌரவம். ஊர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் நல்ல ஏற்பாடு அது. கையால் செய்த சின்னப் பரிசை அந்த நோட்டில் எழுத வழியில்லை. பழைய வேட்டிக்கு என்ன விலை போடுவது? ஆகவே “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்காதீர்கள், மறுநாளே பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பாராட்டும்போது “ரொம்ப நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். “முடிச்செல்லாம் கீழ்ப்பக்கம் போட்டிருக்கீங்களே பெரியம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால், செய்தவருக்குத் தான் யோசித்தது வீண் போகவில்லை என்று புரியும். பிறகு அதைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி அலமாரியில் வைத்த குழந்தை மெத்தை நீங்கள் காட்டும் மரியாதை போலத் தெரியும். தைத்தவர் எதிர்பார்த்தது அது நனைந்து, துவைத்து, கொடியில் காய்வதைத்தான்.

நீங்களும் செய்ய நினைத்தால் ஊசி நூலை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். குழந்தை பிறந்த வீடு என்றால் அம்மாவிடம், வார்டில் இருப்பவர் என்றால் நர்ஸிடம்: “என்ன கொண்டுவந்தா உதவியா இருக்கும், எதைக் கொண்டுவரக் கூடாது?” தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் துணிப் பொருளை அனுமதிக்காமல் போகலாம், அப்போது கூடப் படுத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிற பொருள் சுமாராக வந்தாலும் உபயோகத்துக்கு வரும்.