விக்டரி மாதிரிக் கப்பலின் கயிறுகள்

1765இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'விக்டரி'யை 1:96 அளவில் செய்யும்போது, கைத்திறன் முழுமையாக வெளிப்படுவது கயிற்று வேலையில்தான். பாய்மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசப்பட்டவை, அவற்றுக்குக் கருநூல். பாய்களை இயக்கும் கயிறுகளுக்கு வெளிர்பழுப்பு நூல். தேன்மெழுகில் இழுத்துவிட்டால் நூலின் பிசிறு படிந்துவிடும்.

மாலுமிகள் ஏறும் படிக்கயிறுகளே பெரும்பாடு. கப்பலில் ஓர் அடிக்குச் சற்று அதிகமான இடைவெளி மாதிரியில் சுமார் 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் நிலைக்கயிறான நெடுங்கயிற்றைப் படிக்கயிறு தொடும் ஒவ்வோர் இடத்திலும் சிறு இடுக்கியால் முடிச்சிட வேண்டும். அதிகம் இறுக்கினால் நெடுங்கயிறுகள் உள்வாங்கி, வரிசையே நடுவில் ஒடுங்கிவிடும். பசையால் ஒட்டிவிடலாம், ஆனால் முடிச்சு தரும் உயிர்ப்பு அதில் வராது.

கடைசியாக, தளத்தோரக் கட்டுமுளைகளில் கயிற்றுச் சுருள்கள். நீர்த்த பசையில் நனைத்து, சொந்த எடையில் தொங்குவதுபோல் அவை கீழ்நோக்கிப் படியவைக்கப்படுகின்றன.