மூன்று சுரமும் கொஞ்சம் மழையும்

பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பத்தை ஓடவிட்டால் அரை நிமிடத்துக்கு மேல் பாட்டே தொடங்காது. மழை பெய்துகொண்டிருக்கும். எங்கோ தள்ளி ஒரு தேவாலய மணி, இடையில் ஓர் இடி. 1970-இல் இசைத்தட்டு வாங்கியவருக்கு இது துணிச்சலான ஏமாற்றாகத் தோன்றியிருக்கும். காசு கொடுத்தது கிதாருக்கு, கிடைத்ததோ மழை. பொறுமை தீரும் நேரம் பார்த்து கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே அடியாக வந்து விழுகின்றன.

அந்த அடியில் இருப்பவை மூன்றே சுரங்கள். கீழ் ஸட்ஜம், அடுத்து மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். மூன்றாவதில் கிதார் வாசிக்கும் டோனி அயோமியின் விரல் நடுங்குகிறது. ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சாத்தானின் இசை என்றும், இடைக்காலத் தேவாலயம் இதைத் தடை செய்தது என்றும் ராக் ரசிகர்கள் ஆசையோடு சொல்வார்கள். தடைக்கு ஆதாரம் கிடையாது. அதே பிரதி மத்யமம் நம் கச்சேரிகளில் கல்யாணியாகத் தினமும் மங்களகரமாகத்தான் ஒலிக்கிறது. அங்கே அது பஞ்சமத்தை நோக்கி ஏறும், ஏறியதும் நமக்கு நிம்மதி. இங்கே அது எங்கும் ஏறுவதில்லை. அந்தரத்தில் நின்று நடுங்கிவிட்டு மறுபடி கீழ் ஸட்ஜத்தில் போய் விழுகிறது. திகில் சுரத்தில் இல்லை, அதைப் போகவிடாமல் பிடித்து வைத்ததில் இருக்கிறது.

அதைவிட நயமானது கார்வை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இவர்கள் விடும் இடம் அந்தக் காலத்து ராக் இசைக்குப் பழக்கமில்லாத அளவு பெரியது. அந்த இடத்தைத்தான் டிரம்மர் பில் வார்ட் எடுத்துக்கொள்கிறார். ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அடியை ஓங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியாது. ஓஸி ஆஸ்பர்ன் பாடும் வரிகளுக்கு அடியில், டாம் டிரம்களில் ஒரு சின்ன உருட்டல் எழும்பி அடங்கும். ஹெட்போனில் குரலை விட்டுவிட்டு அதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளம் சொல்லும் வேலையைக் கிதார் பார்த்துக்கொள்கிறது, டிரம்ஸ் கதை சொல்கிறது. நாலரை நிமிடம் இப்படி விளம்ப காலத்தில் நம்மைக் கட்டி வைத்துவிட்டுத் திடீரென்று குதிரைப் பாய்ச்சலுக்கு மாறுகிறார்கள். அந்த வேகத்துக்கான முழுக் கிரெடிட்டும் முன்னால் இருந்த மந்தத்துக்கே.

பாட்டின் கரு பேஸ் வாசிக்கும் கீஸர் பட்லரிடமிருந்து வந்தது. இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' தொகுப்பில் வரும் செவ்வாயின் இசை மேல் அவருக்குப் பைத்தியம். அதை அவர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகுதான் அயோமி இந்த மூன்று சுரங்களோடு வந்தார். குழுவுக்கு அதுவரை 'எர்த்' என்று பெயர். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. போரிஸ் கார்லாஃப் நடித்த பேய்ப்படம் ஒன்றின் ஆங்கிலத் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள்.

அயோமியின் விரல்களைப் பற்றிப் பேசாமல் இந்த ஆல்பத்தின் ஓசையைப் பற்றிப் பேச முடியாது. இவர்கள் வளர்ந்த பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதி, தகரத்தையும் இரும்பையும் வளைத்துப் பிழைத்த ஊர். ஓஸி கார் ஹார்ன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்தவர், கசாப்புக்கூடத்திலும் இருந்தவர். அயோமி உலோகத் தகடு ஆலையில். பதினேழு வயதில், வேலையை விடும் கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். கிதாரை விட்டுவிட நினைத்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் வெந்த கையில் இரண்டே விரலை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே அசத்திய ஜிப்சி கலைஞர் அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மேலே தோல் துண்டு ஒட்டினார். கனத்த தந்தி வலித்தது. மெல்லிய கிதார் தந்தி அப்போது கடையில் கிடைக்காததால் பேஞ்சோ தந்திகளை வாங்கிப் பூட்டினார்.

உறை போட்ட விரலுக்குத் தந்தி தட்டுப்படாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மெல்லிய தந்தியோ கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி விலகும். அயோமியின் சுரங்கள் ஒவ்வொன்றிலும் கேட்கும் அந்த அகன்ற அசைவு அங்கிருந்து பிறந்தது என்றே என் காது நம்புகிறது. சுருதியைத் தாழ்த்திக் கட்டியதால் வந்த கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓரிரு ஆண்டு கழித்து வந்த ஏற்பாடு. இந்த ஆல்பத்தில் கிதார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது.

1969-இன் பிற்பகுதியில், லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்ய ஏறக்குறைய ஒரே நாள்தான் ஆனது. நால்வருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. ராட்ஜர் பெயின் தயாரிப்பாளர், டாம் அல்லம் ஒலிப்பொறியாளர். கிளப்புகளில் வாசித்து வந்ததை அப்படியே வாசித்தார்கள். ஓஸியைத் தனி அறையில் நிறுத்தி, மற்றவர்கள் வாசிக்கும்போதே பாடவைத்தார்கள். முதலில் பதிவு செய்த பாட்டு முடிந்ததும் அயோமியின் ஃபெண்டர் கிதாரில் பிக்கப் பழுதானது. கையோடு கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார், பிறகு அந்த ரகக் கிதாரே அவருடைய அடையாளமானது. அமெரிக்கப் பதிப்பில் இருக்கும் 'விக்கெட் வேர்ல்ட்' அந்த ஃபெண்டரில் வாசித்தது. அதையும் மற்ற பாட்டு ஏதாவது ஒன்றையும் மாறி மாறிக் கேட்டால், ஒன்றின் ஓரம் கூராகவும் மற்றதன் வயிறு பருத்தும் இருப்பது தெரியும். மழையும் மணியும் பின்னால் சேர்த்த வேலை.

'தி விஸார்ட்'டில் ஓஸியின் மவுத் ஆர்கன் வண்டி இழுக்கிறது. 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' மோர்சிங் ஒலியோடு தொடங்குகிறது. அந்தச் சில விநாடிகள் நம் காதுக்கு மட்டும் தனியாகச் சிரிப்பூட்டும். ரெக்கார்டு கம்பெனியின் ஆசைக்குச் சேர்த்த 'ஈவில் உமன்' பிறர் பாட்டு, ஆல்பத்தில் ஒட்டவே இல்லை. 'என்.ஐ.பி.' வேறு ரகம். பட்லர் முதலில் கிதார் வாசித்தவர், பேஸுக்குப் பிறகு வந்தவர். அந்தப் பழக்கத்தில் தடித்த தந்தியையும் வளைத்து வாசிக்கிறார். பாட்டுக்கு முன்னால் அவர் மட்டும் வாசிக்கும் பகுதியில், வா-வா பெடலின் வழியே வரும் ஒலி வாய் திறந்து பேச முயல்வதுபோல இருக்கிறது. பெயரில் இருக்கும் புள்ளிகளை வைத்து மர்ம விளக்கங்கள் கிளம்பின. உண்மையில் அது வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததற்கான கேலி. 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க்கில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்த நான்கு பாட்டுகளில், முதல் ஆல்பத்திலிருந்து இடம் பிடித்தது இது ஒன்றுதான்.

அட்டைப்படம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மேப்பிள்டர்ஹம் நீராலை. கீத் மக்மில்லன் அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தது. இலைகள் இளஞ்சிவப்பாக நோய்ப்பட்டுக் கிடக்க, நடுவில் கறுப்பு அங்கியில் ஒரு பெண். உள்மடிப்பில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றையும் வரைந்து வைத்தார்கள். குழுவைக் கேட்காமலே செய்த காரியம் அது. சூனியக்காரர்கள் என்ற பட்டம் வந்து ஒட்டியது, விற்பனைக்கும் அது கெடுதல் செய்யவில்லை.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. வெர்டிகோ நிறுவனம் தேதி பார்த்துத்தான் வெளியிட்டது. பிரிட்டனில் எட்டாம் இடம், அமெரிக்காவில் 23. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் இவர்களைக் கிரீம் குழுவின் மட்டமான நகல் என்கிற ரீதியில் கிழித்தார். பத்து நிமிடம் இழுக்கும் 'வார்னிங்' விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு. அயோமியின் நீண்ட தனி வாசிப்பில் பாதிக்கு மேல் எனக்கும் கொட்டாவி வரும். ஆனால் முதல் பாட்டின் அந்த மூன்று சுரத்துக்கு மூலம் தேடிக் கிரீமின் தட்டுகளை எத்தனை முறை புரட்டிப் போட்டாலும் அது அங்கே கிடைக்காது.