மேசையைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

2022 மே மாதம், தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹனோய் நகரின் ஹா டோங் உள்ளரங்கில் பில்லியர்ட்ஸ் பார்க்க இடம் பிடிக்க முடியாத கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். கைதட்டலும் ஆரவாரமும் எழுந்ததோ 67 வயதுப் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருக்காக. எஃப்ரென் ரெயஸ் சாக்பீஸைக் கோல் முனையில் தேய்த்தாலே செல்போன்கள் உயர்ந்தன. சொந்த நாட்டு வீரரை எதிர்த்து ஆட வந்தவரை இப்படிக் கொண்டாடும் கூட்டத்தை எந்த விளையாட்டிலும் எளிதில் பார்க்க முடியாது.

ரெயஸ் பூல் ஆட்டத்தின் மன்னர். மணிலாவில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வளர்ந்தவர். 1999-இல் கார்டிஃப் நகரில் 9-பால் உலகச் சாம்பியன் ஆனவர். 1995-இல் அமெரிக்காவின் ரினோவில் ஏர்ல் ஸ்டிரிக்லேண்டுக்கு எதிராக அவர் அடித்த அடியை இன்றும் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். மறைந்து கிடந்த பந்தை, குஷனில் மோதித் திரும்பிய வெள்ளைப் பந்தால் தேடிப் பிடித்துக் குழிக்குள் தள்ளிய அடி அது. ஆனால் ஹனோயில் அவர் பதக்கம் வாங்கியது பூல் மேசையில் இல்லை. குழியே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில், ‘ஒரு குஷன்’ பிரிவில், வெண்கலம்.

நம் வீட்டுக் கேரம் போர்டுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. மேசையில் மூன்றே பந்துகள். தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட வேண்டும்; கடைசிப் பந்தைத் தொடுவதற்குள் குறைந்தது ஒரு குஷனிலாவது மோதியிருக்க வேண்டும். ‘மூன்று குஷன்’ பிரிவென்றால் மூன்று மோதல். பந்தைக் குழியில் போடும் வேலையே இல்லாததால், கோணக் கணக்கும் சுழலும் மட்டும்தான் ஆட்டம். பூல் மேசையில் ரெயஸ் காட்டிய மாயங்களில் பாதி இந்த அறிவிலிருந்து வந்தவைதான் என்பதால், அறுபதைக் கடந்த பிறகும் அவரால் இங்கே தாக்குப்பிடிக்க முடிந்தது. அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் என்பது இந்தப் போட்டிகளின் வழக்கம். நான்காவது இடம் என்று ஒன்று கிடையாது. ரெயஸின் பதக்கத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் பதக்கப் பட்டியலைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய விஷயம்.

அந்தப் பிரிவு ஹனோயில் ஏன் இருந்தது? வியட்நாம் அதில் கெட்டிக்கார நாடு. தென்கிழக்கு ஆசியப் போட்டியில் தடகளமும் நீர் விளையாட்டுகளும் கட்டாயம். மற்றவற்றில் எவை இருக்க வேண்டும் என்பதில் நடத்தும் நாட்டின் கை ஓங்கியிருக்கும். பில்லியர்ட்ஸ், பூல், ஸ்னூக்கர் எல்லாம் அடங்கிய கோல் விளையாட்டுகள் 1987-இல் ஜகார்த்தாவில் நுழைந்தன; பெயருக்கு ஒரே இனம். உள்ளே ஏழெட்டுத் தனி ஆட்டங்கள். எது உள்ளே, எது வெளியே என்ற பட்டியல் தயாராகும்போதே பாதிப் பதக்கங்கள் கைமாறிவிடுகின்றன என்பது இந்த அலசலின் கட்சி. யார் நன்றாக ஆடினார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கருவிகளைப் பார்த்தாலே இது விளங்கும். ஸ்னூக்கருக்கும் இங்கிலீஷ் பில்லியர்ட்ஸுக்கும் 12 அடி நீள மேசை, 52.5 மில்லிமீட்டர் பந்து. பூலுக்கு 9 அடி மேசை, 57 மில்லிமீட்டர் பந்து, தாராளமான குழிகள். கேரமுக்கு 10 அடி மேசை, 61.5 மில்லிமீட்டர் கனத்த பந்து. பந்து நீண்ட தூரம் சீராக ஓட மேசைக்கு அடியில் சூடேற்றும் ஏற்பாடு வேறு. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். இத்தனை வகை மேசைகளையும் பல டன் கற்பலகைகளோடு ஒரே அரங்கில் இறக்கிச் சமன்படுத்துவது நடத்துபவருக்கும் தலைவலி. தலைவலியைக் குறைக்க நினைப்பவர் முதலில் வெட்டுவது தன் நாட்டுக்குப் பதக்கம் தராத மேசையைத்தான். இதில் சூழ்ச்சி தேட வேண்டியதில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ அவர்கள் சமையல்.

வியட்நாமின் தேர்வு வெறும் சலுகை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சான் குயெட் சியென் 2018-இல் ஹோ சி மின் நகரில் மூன்று குஷன் உலகக் கோப்பையை வென்றார். 2023-இல் அங்காராவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில் மோதிய இருவருமே வியட்நாம்காரர்கள். சியெனைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்தவர் பாவ் ஃபுவோங் வின். ஐரோப்பாவும் கொரியாவும் ஆண்டுவந்த ஆட்டத்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. உலகத் தரத்தில் ஆடும் ஒன்றைத் தன் வீட்டில் வைக்க ஒரு நாடு விரும்பினால் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

சிங்கப்பூர் இன்னொரு விதம். பீட்டர் கில்கிறிஸ்ட் இங்கிலாந்தில் பிறந்து, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் உலகச் சாம்பியன். 2009-இல் தொடங்கி ஹனோய் வரை ஒவ்வொரு தென்கிழக்கு ஆசியப் போட்டியிலும் அந்த ஆட்டத்தின் ஒற்றையர் தங்கம் அவர் கழுத்தில்தான் விழுந்தது. மியான்மர், தாய்லாந்து வீரர்கள் மாறி மாறி வந்து முட்டிப் பார்த்தார்கள். ஒரே மனிதரின் கைக்குள் ஒரு நாட்டின் நிச்சயத் தங்கம் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. அந்தப் பிரிவு பட்டியலில் இருக்கும்வரை.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்தால் மேடை பெரிது, ஆயுள் குறைவு. 1998 பாங்காக்கில் கோல் விளையாட்டுகள் அறிமுகமாயின. ஜேம்ஸ் வட்டானாவால் ஸ்னூக்கர் பைத்தியம் பிடித்திருந்த நாடு தாய்லாந்து. அறிமுகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இருந்திருக்காது. 2002 பூசானில் 15 வயதுச் சீனச் சிறுவன் ஸ்னூக்கர் ஒற்றையர் தங்கத்தைத் தட்டிச் சென்றான். பெயர் டிங் ஜுன்ஹுய். 2006 தோஹாவில் அதே டிங் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று தங்கம். 2010 குவாங்சோவில் ஹாங்காங்கின் மார்கோ ஃபூவிடம் இறுதியில் தோற்று ஒற்றையர் வெள்ளி. பூலில் பிலிப்பைன்ஸ் ஆதிக்கம்: தோஹாவின் 9-பால் இறுதியில் அந்தோனியோ காபிகாவும் ஜெஃப்ரி டி லூனாவும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ரோனி அல்கானோ மணிலாவில் உலக 9-பால் பட்டம் வென்றிருந்தார். ரெயஸ் போட்ட பாதையில் ஒரு தலைமுறையே வந்துகொண்டிருந்த காலம்.

இந்தியாவின் கணக்கு சிறியது, ஆனால் சொல்லும் செய்தி பெரியது. நான்கு போட்டிகளில் மொத்தம் ஐந்து தங்கம். பாங்காக்கில் அசோக் சாண்டில்யா ஒற்றையரிலும், கீத் சேத்தியுடன் சேர்ந்து இரட்டையரிலும் வென்றார். அந்த ஆண்டு இந்தியா எல்லா விளையாட்டிலும் சேர்த்துப் பெற்றதே ஏழு தங்கம். அதில் இரண்டு இந்தப் பச்சைத் துணியிலிருந்து வந்தவை. பூசானில் யாசின் மெர்ச்சன்ட் - ரஃபாத் ஹபீப் ஜோடியின் ஸ்னூக்கர் இரட்டையர். தோஹாவிலும் குவாங்சோவிலும் பங்கஜ் அத்வானி. ஐந்தில் நான்கு இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் கிடைத்தவை. கிளப் வாசம் வீசும் அந்தப் பழைய ஆட்டம் இந்தியாவிலும் மியான்மரிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. சீனாவுக்கோ கொரியாவுக்கோ அதில் அக்கறை இல்லை. பட்டியலில் அது இடம்பெற்றதுதான் இந்தியாவின் முதல் வெற்றி.

குவாங்சோ இறுதியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தியாவுக்கு அந்தப் போட்டியின் முதல் தங்கம் அது. அத்வானிக்கு 25 வயது, எதிரில் மியான்மரின் நே துவே ஊ. முடிவு 3-2. உலகப் பட்டங்களை அடுக்கிவைத்திருந்தவர் ஐந்தாவது ஆட்டம்வரை ஏன் போக நேர்ந்தது? ஆட்டத்தின் நீளம்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் 100 புள்ளி. யார் முதலில் மூன்று ஆட்டங்களை எடுக்கிறாரோ அவருக்குத் தங்கம். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் ஓர் அடிக்கு இரண்டு அல்லது மூன்று புள்ளி. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2. சிவப்பைக் குழியில் போட்டாலோ சிவப்பில் பட்டுத் தன் பந்து குழியில் விழுந்தாலோ 3. இதையே எதிராளியின் பந்தில் செய்தால் 2. நாற்பது அடிகள் தொடர்ந்து சரியாக விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் எதிராளிக்கு நாற்காலியிலிருந்து எழும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

நீண்ட நேர ஆட்டத்தில் மேதையையும் நல்ல ஆட்டக்காரரையும் பிரிப்பது, பந்துகளை ஒரு மூலையில் கட்டிவைத்து நூறு நூறாகக் குவிக்கும் திறமை. கில்கிறிஸ்ட் 2007-இல் ஒரே மூச்சில் 1,346 புள்ளி எடுத்திருக்கிறார். 100 புள்ளி ஆட்டத்தில் அது பதின்மூன்று ஆட்டங்களுக்குச் சமம், ஆனால் முதல் நூறுக்கு மேல் ஒன்றுக்கும் மதிப்பில்லை. டெஸ்ட் பேட்ஸ்மேனை இருபது ஓவர் ஆட்டத்தில் இறக்குவதைப் போன்றதுதான் இது. மேதைக்கும் மற்றவருக்கும் இடையிலான தூரம் சுருங்கும். முப்பது புள்ளியில் ஒரு தவறு செய்தால் மீதியை எதிராளி முடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சூழ்நிலையில் ஐந்தாவது ஆட்டத்தை வென்ற அத்வானியின் நிதானம், அவர் நீண்ட ஆட்டங்களில் வென்ற பட்டங்களைவிட ஒரு படி கூடுதல் மதிப்புள்ளது என்பது இந்த எழுத்தாளரின் எண்ணம். 2024 நவம்பரில் அவருடைய உலகப் பட்டங்கள் 28 ஆயின. ஆனால் 25 வயதுக்குப் பிறகு அவருக்கு ஆசியப் போட்டி வாய்க்கவே இல்லை.

பூலிலும் இதே கதைதான், இன்னும் கொடூரமாக. 9-பாலில் மேசையில் இருக்கும் மிகச் சிறிய எண் பந்தை முதலில் தொட வேண்டும். 9-ஆம் பந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தொடக்க அடியிலேயே அது விழுந்துவிடவும் கூடும். ஏழெட்டு ஆட்டங்களை முதலில் எடுப்பவருக்கு வெற்றி என்ற குறுகிய மோதலில் இரண்டு நல்ல தொடக்க அடிகள் தலையெழுத்தை மாற்றும். ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவரும் 2017, 2025 ஆண்டுகளின் உலக 9-பால் சாம்பியனுமான கார்லோ பியாடோ போன்றவர்கள்கூடப் பலநாட்டுப் போட்டிக்கு வரும்போது தங்கத்தை உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

2014 இஞ்சியோனில் கோல் விளையாட்டுகள் காணாமல் போயின. குவாங்சோவில் 42 விளையாட்டுகள். ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் அதை 36-ஆகக் குறைத்தது. வெட்டுப்பட்டவற்றில் சதுரங்கமும் ஒன்று. சதுரங்கம் பின்னர் ஹாங்சோ ஆசியப் போட்டியில் திரும்பி வந்தது, இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெள்ளி வென்றன. கோல் விளையாட்டுகளுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நுழைய எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. தங்களுக்குள்ளேயே ஸ்னூக்கர், பூல், கேரம் என்று மூன்று கூட்டமைப்புகளாகப் பிரிந்து கிடக்கும் ஒரு விளையாட்டு, ஒரே குரலில் வாசலைத் தட்டுவது கடினம்தான்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1875 வாக்கில் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டது ஊட்டி கிளப்பில். ஊட்டி இருக்கும் அதே மாநிலத்திலிருந்து, சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப். மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இறுதியில் அவர் 3-2 என்று வீழ்த்தியது ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை. மகளிர் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற வீராங்கனை அவர். 15 சிவப்புப் பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அனுபமாதான்.

அவர் ஆசியப் போட்டியில் ஆட வேண்டுமானால் முதலில் ஆட்டம் திரும்பி வர வேண்டும். பிறகு எந்த வடிவில் வருகிறது என்பது முக்கியம். குவாங்சோவில் பெண்களுக்கு வைத்தது முழு ஸ்னூக்கர் இல்லை, ஆறு சிவப்புப் பந்து ஆட்டம். முழு ஸ்னூக்கரில் ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சம் பொதுவாக 147. ஆறு பந்தில் அது 75. பாதுகாப்பாகப் பந்தை மறைத்துவைத்துப் பொறுமையாகக் காத்திருக்கும் ஆட்டக்காரருக்கு அங்கே இடம் குறைவு. முதல் வாய்ப்பில் 40, 50 எடுத்துவிடுபவர்தான் ஆபத்தானவர். ஆறு பந்து வடிவத்தை வளர்த்த தாய்லாந்துக்காரர்கள் அதில் பல ஆண்டு முன்னாலேயே பழகிவிட்டவர்கள். இந்தியக் கூட்டமைப்பு இப்போதிருந்தே பெண்களுக்கு ஆறு பந்துத் தேசியப் போட்டிகளைக் கூட்டினால் நல்லது. பட்டியல் வெளிவந்த பிறகு ஆறு மாதத்தில் கையை மாற்ற முயல்வது அநியாயமான எதிர்பார்ப்பு.