வென்றவர்களை மட்டும் எண்ணும் கணக்கு

இங்கிலாந்தின் கால்பந்து வீரர்கள் பதின்வயதிலேயே ஐரோப்பிய கிளப்புகளுக்குப் போய் அங்கிருந்து தொழிலைத் தொடங்கும் வழக்கம் 2017-க்குப் பிறகு வலுப்பெற்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 17 வயது ஜேடன் சாஞ்சோ மான்செஸ்டர் சிட்டியை விட்டு ஜெர்மனியின் போருசியா டோர்ட்முண்டில் சேர்ந்தார். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் நோனி மதுவேகே நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவனுக்கும், சாமுவேல் இலிங் ஜூனியர் இத்தாலியின் யுவென்டஸுக்கும், ஜேமி கிட்டென்ஸ், ஜூட் பெல்லிங்ஹம் இருவரும் டோர்ட்முண்டுக்கும் போனார்கள். இங்கிலாந்து வீரர்கள் வெளிநாடு போவது இவர்களோடு தொடங்கவில்லை. கெவின் கீகன் 1977-இல் ஹாம்பர்க்குக்கும், பால் காஸ்கோய்ன் 1992-இல் லாட்சியோவுக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேசிய அணியில் நிலைபெற்ற பிறகு போனவர்கள். இப்போதைய வழக்கத்தில், சொந்த கிளப்பின் முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத சிறுவனும் போகிறான்.

இதற்கு ஆதரவான வாதம் இன்று ஏறக்குறைய பொதுக்கருத்தாகிவிட்டது. பிரீமியர் லீக் கிளப்புகள் கையில் பணம் வைத்துக்கொண்டு ஆயத்தமான வீரர்களை வாங்குகின்றன. அகாடமியில் வளர்ந்த பையனுக்கு ஆட இடமில்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிரான்சிலும் இடம் கிடைக்கிறது. ஆகவே துணிந்தவன் போகட்டும், போனால் வளர்வான் என்கிறார்கள். சாட்சியாக சாஞ்சோவும் பெல்லிங்ஹமும் நிறுத்தப்படுகிறார்கள். 2025 கோடையில் செல்சி பெருந்தொகை கொடுத்து கிட்டென்ஸை இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டபோது, அதுவும் இதே வாதத்துக்கு இன்னொரு சான்றாகப் படிக்கப்பட்டது.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 21 வயதுக்குட்பட்டோருக்கான பிரீமியர் லீக் 2 போட்டியில் வெற்றி தோல்வியைப் பொறுத்து யாருடைய வேலையும் போவதில்லை. அங்கே எத்தனை பருவம் ஆடினாலும் பெரியவர்களின் ஆட்டம் கைவராது. டோர்ட்முண்டின் அரங்கத்தில் 80,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் ஆடுவது வேறு படிப்பு. 2018-19 பருவத்தில் சாஞ்சோ புண்டஸ்லிகாவில் 12 கோல் அடித்து, 14 கோலுக்குப் பந்து கொடுத்தார். அவருடைய வயதே ஆன, சிட்டியிலேயே தங்கிய ஃபில் ஃபோடன் அதே பருவத்தில் லீக்கில் களமிறங்கியது 13 முறை. அடித்தது ஒரு கோல். மான்செஸ்டர் யுனைடெட்டில் இடம் கிடைக்காத ஏஞ்சல் கோமஸ் 2020-இல் பிரான்சின் லீல் கிளப்பில் சேர்ந்து, போர்ச்சுகலில் ஒரு பருவம் இரவலில் ஆடி, 2024 செப்டம்பரில் இங்கிலாந்துக்காக ஆடும் தகுதியை எட்டினார். வேறு மொழி, வேறு ஆட்டமுறை, தனியாக வாழும் பழக்கம் ஆகியவற்றின் பயனையும் யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வாதத்தின் அடித்தளத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. போனவர்களில் வென்றவர்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, போனதால்தான் வென்றார்கள் என்று அது முடிவு கட்டுகிறது. அவர்கள் விமானம் ஏறும்போது என்னவாக இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

சாஞ்சோ டோர்ட்முண்டுக்குப் போனபோது அடையாளம் தெரியாத சிறுவன் அல்ல. அதே ஆண்டு மே மாதம் 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் கண்ணாரப் பார்த்தார்கள். குழுச் சுற்று முடிந்த கையோடு டோர்ட்முண்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தங்கள் முதல் அணிக்கே தேவைப்படும் ஆள் என்று அந்த கிளப் கருதியதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவர் இல்லாமலே இங்கிலாந்து இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 5-2 என்று வென்றது. அத்தகைய தலைமுறை அது. அவர்களில் முன்வரிசையில் இருந்தவர் சாஞ்சோ.

பெல்லிங்ஹமின் கதை இன்னும் தெளிவானது. 2019 ஆகஸ்டில், 16 வயது முடிந்து 38 நாளில், பர்மிங்ஹம் சிட்டியின் முதல் அணிக்கு ஆடி, அந்த கிளப்பில் டிரெவர் ஃபிரான்சிஸ் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். அந்த ஒரே பருவத்தில் 44 ஆட்டங்கள். இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் செவ்வாய்க்கிழமை இரவும் சனிக்கிழமை மதியமும் வளர்ந்த ஆட்களோடு மோதியவர் அவர். போகும்போது கிளப் அவருடைய 22-ஆம் எண் சட்டையையே யாருக்கும் தராமல் நிறுத்திவைத்தது. டோர்ட்முண்ட் சுமார் 2.5 கோடி பவுண்டு கொடுத்தது வளர்த்தெடுப்பதற்காக அல்ல, வளர்ந்தவரை வாங்குவதற்காக. மூன்று ஆண்டு கழித்து ரியல் மாட்ரிட் 10.3 கோடி யூரோ கொடுத்தபோது அந்தப் பெருமையின் முதல் பங்கு பர்மிங்ஹமுக்குப் போயிருக்க வேண்டும். எழுதப்பட்டதெல்லாம் ஜெர்மனியைப் பற்றி.

வென்றவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் படம் மாறுகிறது. கிறிஸ் வில்லக் 2017-இல் ஆர்சனலை விட்டு லிஸ்பனின் பென்ஃபிகாவுக்குப் போனார். முதல் அணியில் இடம் பிடிக்க முடியாமல் ‘பி’ அணியில் ஆடி, பிறகு இரவலில் இங்கிலாந்துக்கே திரும்பி, 2020-இல் லண்டனின் கியூபிஆர் கிளப்பில் கரைசேர்ந்தார். லூயி பாரி 2019-இல் வெஸ்ட் பிரோம்விச்சிலிருந்து பார்சலோனாவுக்குப் போனபோது நாளிதழ்கள் கொண்டாடின. 2020 ஜனவரியில் அவர் ஆஸ்டன் வில்லாவில் இருந்தார். இலிங் ஜூனியர் யுவென்டஸின் முதல் அணிவரை ஏறினார், அங்கே நிலைக்கவில்லை. 2024-இல் ஆஸ்டன் வில்லா வாங்கி, பொலோன்யாவுக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் இரவல் அனுப்பியது. இவர்களுக்கும் துணிச்சல் இருந்தது, திறமை இருந்தது. முதல் அணியில் ஆடும் நேரம்தான் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இவர்களுக்கு அடைத்திருந்த கதவு அங்கேயும் அடைத்தே இருந்தது. இவர்களின் பெயர் அந்த வாதத்தில் வருவதே இல்லை.

வழக்கத்தை ஒப்பிட்டு அளக்க வேண்டுமானால், ஒரே அகாடமியிலிருந்து ஒரே பருவத்தில் ஒரே நாட்டுக்குப் போன இருவரைப் பார்க்கலாம். ஆர்சனலின் ரீஸ் நெல்சன் 2018-19-இல் ஹோஃபன்ஹைமில் இரவலில் ஆடி புண்டஸ்லிகாவில் ஏழு கோல் அடித்தார். அடுத்த சாஞ்சோ இவரே என்று பேசப்பட்டது. அவருடைய கிளப் தோழர் எமில் ஸ்மித் ரோ 2019 ஜனவரியில் ஆர்பி லைப்சிக்குக்குப் போய், காயத்தால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்து, விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களோடு திரும்பினார். வெளிநாட்டு வழியின் ஆதரவாளர்கள் சொல்வது சரியென்றால் நெல்சன் மேலே போயிருக்க வேண்டும். ஸ்மித் ரோ பின்தங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. நெல்சனுக்கு ஆர்சனலில் நிரந்தர இடம் அமையவே இல்லை. ஸ்மித் ரோ 2020 ஜனவரியில் சாம்பியன்ஷிப்பில் தத்தளித்த யார்க்‌ஷயர் கிளப் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு இரவலில் போய், அந்த அணி கீழிறங்காமல் தப்ப உதவிய கோலை அடித்து, அதே ஆண்டு டிசம்பரில் ஆர்சனலின் முதல் அணியில் இடம்பிடித்தார். 2021 நவம்பரில் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். ஜெர்மனி கொடுக்காததை யார்க்‌ஷயரில் ஓர் அரைப்பருவம் கொடுத்தது.

அடெமோலா லுக்மன் இன்னொரு சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படுகிறார். 2024 மே மாதம் டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் லெவர்குசனுக்கு எதிராக அட்டலாண்டாவுக்காக மூன்று கோலும் அடித்தவர் அவர். அந்த ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரராகவும் ஆனார். ஆனால் வெளிநாடு அவரை வளர்த்த விதம் என்ன? 2018-இல் எவர்டனிலிருந்து லைப்சிக்குக்கு இரவல். 2019-இல் அதே கிளப்பில் நிரந்தர ஒப்பந்தம். பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கை. அங்கிருந்து ஃபுல்ஹமுக்கும் லெஸ்டருக்கும் இரவல். அதாவது திரும்பவும் இங்கிலாந்து. அதன் பிறகே இத்தாலி. அவர் மலர்ந்தபோது வயது 25-ஐத் தாண்டிவிட்டது, ஆடியது நைஜீரியாவுக்காக. பதின்வயதில் போனால் விரைவில் வளரலாம் என்ற கூற்றுக்கு இந்த வாழ்க்கை எந்த வகையில் ஆதாரம் என்று அதைச் சொல்பவர்கள்தான் விளக்க வேண்டும்.

வாதத்தின் இன்னொரு வசதி, வெற்றியும் தோல்வியும் யார் கணக்கில் ஏறும் என்பதில் தெரிகிறது. சாஞ்சோ டோர்ட்முண்டில் ஆடியவை ஜெர்மனியின் சாதனை. 2021-இல் 7.3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த பிறகு அவர் தடுமாறியது யுனைடெட்டின் குற்றம். 2024-இல் டோர்ட்முண்டுக்கு இரவலில் திரும்பி சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது மறுபடியும் ஜெர்மனியின் பெருமை. பதினேழு வயதிலிருந்து ஒரே மாதிரி இடைவெளிகள் கிடைக்கும் ஆட்டத்தில் பழகிய விங்கர், அந்த இடைவெளிகள் இல்லாத லீக்கில் என்ன செய்வார் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. பயிற்சியாளர் எரிக் டென் ஹாகோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கு எல்லாவற்றுக்கும் போதுமான விளக்கமாகிவிட்டது. எந்தத் தோல்வியும் பொய்யாக்க முடியாதபடி அமைத்துக்கொண்ட கருத்து வெறும் நம்பிக்கை. அதை ஆய்வு முடிவாக ஏற்க முடியாது.

இந்த நம்பிக்கை நிலைத்திருப்பதற்குக் காரணம் பணம். 2005-இல் திவாலின் விளிம்புவரை போய் மீண்ட டோர்ட்முண்ட், இளைஞரை வாங்கி ஏறிய விலைக்கு விற்பதைத் தன் வருவாய் முறையாகவே ஆக்கிக்கொண்டது. டெம்பெலே, புலிசிக், ஹாலன்ட் எல்லோரும் அந்த வழியாகப் போனவர்களே. சாஞ்சோவுக்குக் கொடுத்தது சுமார் 80 லட்சம் பவுண்டு. ஒருவர் தேறினால் பத்துப் பேரின் செலவு திரும்பிவிடும். தேறாதவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அந்த கிளப்புக்கு இல்லை. இங்கிலாந்து கிளப்புக்கும் இழப்பில்லை. அகாடமியில் வளர்ந்தவரை விற்றால், வாங்கிய செலவு என்று கழிக்க ஏதுமில்லாததால், வரும் தொகை முழுவதும் லாபக் கணக்கில் ஏறுகிறது. பிரீமியர் லீக்கின் நிதி விதிகளின் நெருக்கடியில் இருக்கும் கிளப்புக்கு அது பெரிய ஆறுதல். முகவருக்குத் தரகு உண்டு. விற்றவர், வாங்கியவர், பேசி முடித்தவர் மூவருக்கும் ஆதாயமுள்ள ஓர் ஏற்பாட்டில், இடர் முழுவதையும் சுமப்பவன் பதின்வயதுச் சிறுவன். அவனிடம் போய் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். வளர்த்த பையனை முதல் அணியில் ஆடவிடாத கிளப்பை நோக்கி எழ வேண்டிய கேள்வி, பையன் ஏன் இன்னும் போகவில்லை என்ற கேள்வியாக மாற்றப்பட்டுவிட்டது. இந்த வழக்கம் செய்த பெரிய தீங்கு இதுவே.

மாற்று வழி இல்லை என்பதும் சரியல்ல. ஹாரி கேன் லெய்டன் ஓரியன்ட், மில்வால் என இரவலில் ஆடி வந்தவர். ரீஸ் ஜேம்ஸ் விகனில் ஒரு பருவம் ஆடினார். எபெரெச்சி எஸே பல அகாடமிகளால் கைவிடப்பட்டு கியூபிஆரில் உருவானார். ஆலி வாட்கின்ஸ் எக்ஸெட்டரில் தொடங்கி பிரென்ட்ஃபோர்டு வழியாக ஏறினார். கோல் பால்மர் 2023-இல் சிட்டியிலிருந்து செல்சிக்கு மாறி முதல் பருவத்திலேயே லீக்கில் 22 கோல் அடித்தார். கடல் கடக்காமல், கிளப் மட்டும் மாறினால் போதுமாக இருந்தது. ஃபோடனும் தங்கியதால் கெட்டுப்போகவில்லை. 2023-24-இல் பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர் அவரே. இந்தப் பட்டியலும் வென்றவர்களின் பட்டியல்தான் என்று யாரும் சுட்டிக்காட்டலாம். சரிதான். ஆனால் உள்நாட்டிலேயே வென்றவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, வெளிநாடு ஒன்றே மருந்து என்ற கூற்று நிற்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்மாதிரியாகக் காட்டப்படும் வழி இன்று சட்டப்படி மூடிக் கிடக்கிறது. 18 வயது நிறையாத வீரர் நாடு மாறக் கூடாது என்பது பிஃபாவின் பொது விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து மாறலாம் என்ற விலக்கு 2021 தொடக்கத்தோடு பிரிட்டனுக்கு இல்லாமல் போனது. சாஞ்சோ 17 வயதில் போனார், பெல்லிங்ஹமும் 17. மதுவேகே, கிட்டென்ஸ், இலிங் ஜூனியர் மூவரும் 16. இன்றைய விதியின் கீழ் இந்த ஐவரில் ஒருவராலும் அந்த வயதில் போயிருக்க முடியாது. 18 வயதுவரை இங்கிலாந்திலேயே வளர்ந்தாக வேண்டும் என்றால், வளர்ப்பின் முக்கியமான இரண்டு ஆண்டுகளுக்கான பொறுப்பு மறுபடியும் இங்கிலாந்து கிளப்புகளிடமே வந்து சேர்கிறது. வெளிநாட்டு இரவல்களுக்கு 2022-இல் பிஃபா கொண்டுவந்த வரம்பும் இதில் உதவாது. 21 வயதுக்கு மேற்படாத, சொந்த அகாடமியில் வளர்ந்த வீரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே கிளப்புகள் அவர்களை எத்தனை பேரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பி வைக்கலாம்.

18 வயதைக் கடந்து போகிறவர்களுக்கு இந்த வழி எப்போது பொருந்தும் என்பதை வென்றவர்களின் கதைகளிலிருந்தே எடுத்துவிடலாம். பெரியவர்களின் லீக்கில் குறைந்தது ஒரு முழுப் பருவம் ஆடியிருக்க வேண்டும். போகும் கிளப்பில் அவருடைய இடம் காலியாக இருக்க வேண்டும். அந்த கிளப்பின் ‘பி’ அணிக்காக அல்லாமல் முதல் அணிக்காகவே ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஃபிகாயோ டொமோரி டார்பியிலும் செல்சியிலும் ஆடிய பிறகு 2021-இல் ஏசி மிலானுக்குப் போய், அடுத்த ஆண்டே இத்தாலியச் சாம்பியன் ஆனார். பெல்லிங்ஹமின் தம்பி ஜோப் 2025 ஜூனில் டோர்ட்முண்டில் சேர்ந்தபோது வயது 19. சண்டர்லாந்தில் இரண்டு முழுப் பருவங்கள் ஆடி, அந்த அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியதில் பங்கேற்றுவிட்டே போனார். இந்த நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு வெளிநாடு நல்ல அடுத்த படி. நிறைவேற்றாதவரை அனுப்புவது, இங்கிலாந்து கிளப் தீர்க்க வேண்டிய சிக்கலை வேறொரு நாட்டின் மாற்று வீரர் இருக்கைக்கு இடம் மாற்றுவதாகவே முடிகிறது.