அந்தத் தங்கக் கை யாருக்கு வேணும்?

1955ல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தா, பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் சொல்வாங்க. பிராங்க் சினாட்ரா அறைக்குள் பூட்டப்பட்டு, தரையில் உருண்டு, நடுங்கி, வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுவார். நடிப்பில் குறை சொல்ல முடியாது. அந்த வருடம் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது (விருதை ‘மார்ட்டி’ படத்துக்காக எர்னஸ்ட் போர்க்னைன் வாங்கிட்டுப் போனார்). ஆனா என் கணக்கில், படத்தில் நம்ப முடியாத பகுதியே அந்த அறையில்தான் தொடங்குகிறது. படம் உண்மையைச் சொல்வது அதற்கு வெகுநேரம் முன்னாடி, தெருவில்.

கதை இதுதான். பிராங்கி சிகாகோவில் சூதாட்ட மேஜையில் சீட்டுப் போடுகிறவன். கைநேர்த்தி அப்படி, அதனால்தான் ‘தங்கக் கை’. அதே கையில்தான் ஊசியும் போட்டுக்கொள்கிறான். லெக்சிங்டனில் இருந்த அரசாங்கப் போதை மருத்துவமனையில் சிகிச்சை முடித்து, அங்கேயே டிரம்ஸ் கற்றுக்கொண்டு, இனிமே வாத்தியக் குழுவில் வேலை பார்த்துப் பிழைக்கலாம்னு திரும்பி வருகிறான். உடம்பு சுத்தமாகத்தான் இருக்கு. படம் ஆரம்பிக்கும்போதே சிகிச்சை முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்க.

அப்புறம் ஏன் விழுகிறான்? இங்கேதான் ஆட்டோ பிரெமிங்கரின் இயக்கம் கூர்மையாகிறது. அந்தத் தெருவில் ஒவ்வொருத்தருக்கும் பழைய பிராங்கி தேவைப்படுகிறான். சூதாட்டம் நடத்தும் ஷ்விஃப்காவுக்கு அவன் கை வேண்டும். போலீஸ் பிடித்து உள்ளே வைத்தபோது, திரும்ப மேஜைக்கு வரணும் என்ற பேரத்தோடுதான் வெளியே எடுக்கிறான். ஊசி விற்கும் லூயிக்கு வாடிக்கையாளர் வேண்டும். அவன் மிரட்டுவதே இல்லை, பொறுமையாகக் காத்திருக்கிறான், அவ்வளவுதான். மனைவி சோஷ் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பிராங்கி குடித்துவிட்டு வண்டி ஓட்டிய விபத்தின் விளைவு என்பது அவனுடைய குற்ற உணர்ச்சி. அவளால் நடக்க முடியும் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அவன் குணமாகி நிமிர்ந்து நின்றால் தன்னை விட்டுப் போயிடுவான்னு அவளுக்குப் பயம். எலினர் பார்க்கர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு, ஊதி ஊதிக் கூப்பிடுகிறாரே, அந்தச் சத்தம் எனக்கு லூயியின் ஊசியைவிடப் பயங்கரமாக இருந்தது.

பிராங்கிக்கு மருந்து தேவைப்படுவதைவிட, சுற்றியிருப்பவர்களுக்கு அவன் அடிமையாகவே இருப்பது தேவைப்படுகிறது. 1955ல் இதை இவ்வளவு தெளிவாக ஒரு ஹாலிவுட் படம் காட்டியது பெரிய விஷயம். அன்றைய தணிக்கை விதிகளில் போதை மருந்துக் கதைக்கே இடமில்லை. சான்று மறுக்கப்பட்டும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படத்தை வெளியிட்டது. அடுத்த வருடமே, 1956 டிசம்பரில், விதியைத் தளர்த்தினார்கள்.

இப்போ அந்த அறைக்கு வருவோம். மோலி (கிம் நோவாக்) அவனைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டுகிறாள். அவன் துடிக்கிறான், பிறகு அடங்குகிறான், எழுந்தபோது சரியாகிவிட்டான். எங்க பாஷையில் சொன்னா, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு பிரச்சினை தீர்ந்ததுன்னு டிக்கெட்டை மூடுவது மாதிரி. ஓபியாய்டை நிறுத்தும்போது வரும் அந்த உபாதை கொடுமையானது, ஆனால் சில நாட்களில் தணியக்கூடியது. ஆபத்து அதற்கப்புறம்தான். உடம்பு பழகியிருந்த தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஏக்கம் இறங்காது. பழைய அளவை ஒருமுறை திரும்பப் போட்டுக்கொண்டாலே மூச்சு நின்று உயிர் போகலாம். ‘பூட்டி வெச்சா தெளிஞ்சிடுவான்’ என்ற நம்பிக்கை சும்மா சினிமா நம்பிக்கை இல்லை, ஆளைக் கொல்லக்கூடியது.

நிஜ லெக்சிங்டனிலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் மறுபடி போதைக்கே திரும்பினார்கள். 1970களில் லீ ராபின்ஸ் செய்த ஆய்வில் நேர்எதிராக ஒன்று தெரிந்தது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர், நாடு திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையாகவில்லை. முன்னவர்கள் போதை பழகிய தெருவுக்கே திரும்பினார்கள், பின்னவர்கள் அந்த இடத்தை விட்டே வந்துவிட்டார்கள். இடம் ஒன்றே முழுக் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா படத்தின் முதல் பாதி இந்தத் திசையில்தான் யோசிக்கிறது, இரண்டாம் பாதி அதை மறந்துவிடுகிறது.

நெல்சன் ஆல்கிரனின் 1949 நாவல் மறக்கவில்லை. அதில் பிராங்கி போரில் காயம்பட்டு மார்ஃபினுக்குப் பழகியவன். கடைசியில் தூக்கு மாட்டிக்கொள்கிறான். சோஷும் அங்கே நடிக்கவில்லை, அவள் மனசே காலை முடக்கிவிட்டது. படம் அவளை ஏமாற்றுக்காரி ஆக்கியதில் எனக்கு வருத்தம்தான். பார்க்கரின் கண்ணில் இருக்கும் பயம் அதைவிட நல்ல திரைக்கதைக்குத் தகுதியானது. ஆல்கிரனுக்கும் இந்தப் படம் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பிராங்கியைக் குணப்படுத்த, படம் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பாருங்க. சோஷ் எழுந்து நிற்பதை லூயி பார்த்துவிட, அவனை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறாள். கடைசியில் எல்லோர் முன்னாலும் எழுந்து ஓடி, தானும் விழுந்து சாகிறாள். ஷ்விஃப்காவுக்காகச் சீட்டுப் போடும்போது பிராங்கி ஏமாற்றி மாட்டிக்கொள்கிறான், தங்கக் கைக்கு இருந்த பேரும் போய்விடுகிறது. அவன் கை தேவைப்பட்ட ஒவ்வொருவரையும் திரைக்கதை ஒருவழியாக அப்புறப்படுத்துகிறது. அதற்கப்புறம்தான் பிராங்கியும் மோலியும் அந்தத் தெருவை விட்டு நடந்து போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று படம் காட்டுவதில்லை.